பொறுக்குதலும் பொறுத்தலும்

ஊத்தங்கரையில் கரை உண்டு, கடல் இல்லை. ஊற்றின் கரை என்று பெயரைப் பிரித்துக்கொண்டு திருப்திப்பட வேண்டியதுதான். அனுமன்தீர்த்தத்தில் ஓடும் தென்பெண்ணை சாத்தனூர் அணையைக் கடந்து கடலூருக்குப் பக்கத்தில் கடலில் போய்ச் சேர்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அவ்வளவே. நாங்கள் அனுப்புகிறோம், அது வாங்கிக்கொள்கிறது. கரை ஒதுங்குதல் என்கிற காரியம் எங்கள் ஊரில் நடப்பதில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

2024 டிசம்பர் முதல் தேதி இரவு அது நடந்தது. ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்நாட்டுக்குள் வந்து, மறுநாள் காலைக்குள் 24 மணி நேரத்தில் 503 மில்லிமீட்டர் மழையை ஊத்தங்கரையில் கொட்டியது. இங்கே ஓர் ஆண்டு பெய்வதில் பாதிக்கும் மேல். ஏரி வழிந்து, நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் சாலையோடு உருண்டு போயின. தண்ணீர் வடிந்த பிறகு வயல்களில், வேலிகளில், பள்ளங்களில் பொருள்கள் கிடந்தன. கதவு, உரச்சாக்கு, சைக்கிள், ஒற்றைச் செருப்பு, ஆட்டுக்குட்டி. ஒரு ராத்திரிக்கு ஊர் கடற்கரையாகிவிட்டது.

எங்கள் அடுத்த தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். மகனும் மருமகளும் போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலைக்குப் போகிறார்கள். விடிவதற்கு முன் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். இந்த அம்மாள் பொறுக்குகிறவர். ஆனியிலும் ஆடியிலும் வேப்பங்கொட்டை, பங்குனியில் உதிர்ந்த புளி, இடையில் புங்கங்கொட்டை, ஆவாரம்பூ. விற்ற காசு வெற்றிலைக்கும் பேரனுக்கும் ஆகும். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் ஒரு பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தான் குத்தகைக்குப் பார்க்கும் கொல்லையில் சேற்றில் புதைந்து கிடந்ததாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சட்டம் தெரிந்தவன் என்று ஒரு பிரமை. விற்கலாமா என்று கேட்டார்.

‘கூடாது. இது யாருடையதோ’ என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

‘வேப்பங்கொட்டை தானா உழுந்துது, எடுத்து வித்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல. இதுவும் தானாத்தான் வந்துது. அது மட்டும் எப்படி சார் என்னுது ஆச்சு, இது மட்டும் எப்படி ஆவாது?’

வேப்பங்கொட்டை யாருடையதும் இல்லை என்றேன். அவர் உடனே, ‘மரம் யாருதுன்னு நெனைக்கிறீங்க?’ என்றார்.

வாஸ்தவம். ஒரு மரம் நெடுஞ்சாலைத் துறையுடையது, ஒன்று கோயிலுடையது, ஒன்று எவரோ வரப்பில் விட்டு வைத்தது. சொந்தக்காரன் இல்லாத வேப்பமரம் இந்தத் தாலுக்காவில் எதுவும் இல்லை. என் பதில் பதிலே அல்ல. நான் நாற்பது வருஷமாகச் சிந்திக்காமல் விட்ட ஒன்றை அவர் தவலையோடு தூக்கிக்கொண்டு வந்து என் திண்ணையில் வைத்துவிட்டார்.

சிந்திக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. நானும் பொறுக்கினவன்தான். சிறுவயதில் அம்மாவோடு விடிகாலையில் போய் மரத்தடியைக் கூட்டிப் பழத்தைக் குவிப்பேன். காக்கையும் வௌவாலும் சதையைத் தின்று துப்பிய கொட்டைகள் தனியாகக் கிடக்கும். அவை வேலை மிச்சம். மற்றதைச் சதை நீக்கி, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கும். மண்டிக்காரர் கையை விட்டு அளைந்து பார்த்துத் தள்ளிவிடுவார். அந்தக் காசில் நோட்டும் புத்தகமும் வாங்கினேன். வகுப்பில் ஒருவன் என்னைப் ‘பொறுக்கி’ என்று கூப்பிட்டான். அவன் அதை வசவாகச் சொன்னான், நான் அதை வர்ணனையாக எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபோதுதான் வெட்கம் வந்தது. மண்வெட்டியால் உழைப்பவனை ஏசுவதற்கு நம் மொழியில் அவன் தொழிலின் பெயர் பயன்படுவதில்லை. குனிந்து எடுப்பவனுக்குத்தான் அந்தக் கதி. அதே சமயம், ‘பொறுக்கியெடுத்த முத்துக்கள்’ என்றால் பாராட்டு. பொறுக்கப்பட்ட பொருளுக்கு மதிப்பு, பொறுக்கியவனுக்கு இழிவு. இந்த விபரீதம் எங்கிருந்து வந்தது?

சட்டத்தைப் பார்த்தேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்துக்கொள்பவனுக்கு, அடைக்கலமாகப் பெற்ற பொருளை வைத்திருப்பவனுக்கு உண்டான அதே பொறுப்பு உண்டு என்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் மண்ணில் மறைந்து கிடக்கும் எந்த மதிப்புள்ள பொருளும் பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவி என்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. தவலைக்கு இவற்றில் ஏதோ பதில் இருக்கலாம். வேப்பங்கொட்டைக்கு இல்லை. விழுந்த பழத்தைப் பற்றிச் சட்டம் பேச ஆரம்பிப்பது அதற்கு விலை வந்த பிறகுதான்.

இது நம் ஊர் விசேஷம் அல்ல. இங்கிலாந்தில் அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்குவது தொன்றுதொட்டு இருந்த வழக்கம். 1788-ல் மேரி ஹௌட்டன் என்ற பெண்மீது போடப்பட்ட வழக்கில், அப்படி ஓர் உரிமை பொதுச் சட்டத்தில் கிடையாது என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் தீர்ப்புச் சொன்னார்கள். கதிர் மாறவில்லை, வயல் மாறவில்லை. நேற்றுவரை வழக்கமாக இருந்தது இன்று அத்துமீறல் ஆயிற்று. 1841-ல் ரைன் மாகாணத்துச் சட்டசபை, காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதையும் மரத் திருட்டாக்க விவாதித்தது. அதைப் பற்றி 1842-ல் ஒரு செய்தித்தாளில் தொடர்ந்து எழுதிய இளைஞருக்கு வயது 24; பெயர் கார்ல் மார்க்ஸ். அவருடைய வாதத்தின் சாரம் இவ்வளவு: வெட்டுகிறவன் மரத்தை அதன் வாழ்விலிருந்து பிரிக்கிறான், சுள்ளி தானே பிரிந்துவிட்டது, மரத்திலிருந்து பிரிந்தது மரத்துக்காரனின் சொத்திலிருந்தும் பிரிந்ததுதான். பிற்பாடு அவர் கட்டிய பெரிய தத்துவங்களில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் விழுவதையும் வெட்டுவதையும் பிரித்த அந்த முதல் கோடு, எங்கள் தெரு அம்மாளும் போட்டிருக்கிற கோடுதான். ‘தானா உழுந்துது’ என்பதில் ‘தானா’தான் முக்கியம்.

நம்முடைய வேம்புக்கே வருகிறேன். வேப்பங்கொட்டையிலிருந்து பூசணத்தைத் தடுக்கும் ஒரு முறைக்கு, அமெரிக்க விவசாயத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் உரிமை கொடுத்தது. எதிர்த்து வழக்காடிய பிறகு 2000-ல் ரத்தாகி, 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஜெயித்தோம், சரி. 2015-ல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. அதுவும் நல்ல காரியமாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு முறை கொட்டைக்குக் கிராக்கி ஏறும்போதும் மரத்தடியில் ஒரு சொந்தக்காரன் முளைக்கிறான். சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் காவலுக்கு ஆள் போடுகிறார். ஆள் சிறுவர்களை விரட்டுகிறார். பணம் கட்டியவர் அவர். அவர்மேல் குறை சொல்லவில்லை. சொந்தம் முதலில், விலை பிறகு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் வரிசை தலைகீழ் என்றுதான் சொல்கிறேன். விலைதான் முதலில் வருகிறது. சொந்தக்காரன் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து சேருகிறான்.

ஆக, ‘யாருடையதும் இல்லை’ என்பது பொருளின் குணம் அல்ல. இன்னும் யாரும் கேட்கவில்லை என்கிற தற்காலிக ஸ்திதி. இதை ஒப்புக்கொண்டால் என் பிரச்னை கடினமாகிறது. கொட்டையும் தவலையும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. தெரிவதற்குக் காரணம் எங்கே?

கன்யாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் சங்கும் சோழியும் விற்கும் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடற்கரையில் பொறுக்கியது என்று சொல்லித்தான் விற்பார்கள். நாமும் அப்படி நம்பித்தான் வாங்குகிறோம். கடல் தந்த பரிசு என்கிற எண்ணம் ருசியாக இருக்கிறது. உண்மையில் அலையில் உருண்டு மணலில் தேய்ந்து வெயிலில் வெளுத்துக் கரை ஒதுங்கிய சோழிக்கு மினுமினுப்பு இராது. பளபளக்கிற சோழி, உள்ளே பிராணி உயிரோடு இருந்தபோதே முங்கியோ வலைவீசியோ எடுக்கப்பட்டது. நாம் அழகு என்று காசு கொடுப்பது, அது தானாக வரவில்லை என்பதற்கான அத்தாட்சிக்கு. சில சங்குச் சிப்பி இனங்களையும் பவளப் பாறைகளையும் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருக்கும் இனம் என்றால், செத்து ஒதுங்கியதா, பிடித்துக் கொன்றதா என்று பார்ப்பதில்லை. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இருக்கலாம். விளையாட்டாகப் பொறுக்கும் குழந்தையும் வியாபாரியும் அங்கே ஒன்று.

மயில்தோகை விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் மயில் நிறைய. தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கத் தடையில்லை. உதிர்ந்ததா பிடுங்கியதா என்பதை அடிக்காம்பு சொல்லும். உதிர்ந்ததில் ரத்தக்கறை இராது.

இந்த அடிக்காம்பை நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே தோகை, ஒரே நீலம், ஒரே விலை. ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் எடுத்தவன் காத்திருந்தானா இல்லையா என்பது மட்டுமே. மயில் உதிர்க்கும்வரை ஒருவன் பொறுத்தான். இன்னொருவன் பொறுக்கவில்லை.

தமிழ் இங்கே ஒரு காரியம் செய்கிறது. ‘பொறு’ என்பதன் வினைமுற்றும் ‘பொறுக்கும்’. ‘பொறுக்கு’ என்பதன் வினைமுற்றும் ‘பொறுக்கும்’. சகிக்கும், காத்திருக்கும் என்பதும், குனிந்து எடுக்கும் என்பதும் காதுக்கு ஒரே சொல். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் சாதிக்கவில்லை. அது அகராதிக்காரர் விவகாரம். ஆனால் பொறுக்கும் தொழிலின் தர்மம் முழுவதும் இந்த ஒலி ஒற்றுமைக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பொறுத்தவன் எடுத்தால் பொறுக்குதல். பொறுக்காதவன் எடுத்தால் பறித்தல். விற்கிறவன் காசு வாங்க வேண்டியது பொருளுக்காக அல்ல. அதை அவன் படைக்கவில்லை. குனிந்ததற்கும் காத்திருந்ததற்கும்தான் அவனுக்குக் கூலி.

இது வெறும் உபதேசம் இல்லை என்பதற்கு மன்னார் வளைகுடாவில் சாட்சி உண்டு. பாம்பன் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து கையால் கிள்ளி எடுப்பது. அகர் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. 1986-ல் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறை வேலை ஒரே அறிவிப்பில் குற்றமாயிற்று. அந்தப் பெண்கள் அதிகாரிகளிடம் பேசினார்கள். அதோடு தங்களுக்குத் தாங்களே ஒரு விதியும் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது. பாசி வளரும் காலத்தில் கடலில் இறங்குவதில்லை. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச நிறுவனம் பரிசு கொடுத்தது. கூலிக்கு முங்குகிறவர்கள், முங்காத நாளுக்குக் கூலி இல்லாதவர்கள், பொறுக்கிறார்கள். இரண்டு அர்த்தத்திலும்.

இங்கே எனக்கே ஒரு ஆட்சேபம் எழுகிறது. இதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். பொறுமையை எப்போதும் ஏழையிடம்தானே கேட்கிறோம்? கிருஷ்ணகிரி ஜில்லாவில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்தெடுக்கிறார்கள். ஒரு குன்று தானாக விழுவதற்கு எவரும் காத்திருந்ததில்லை. அங்கே உரிமம் உண்டு, உரிமத்தொகை உண்டு, லாரி உண்டு. பறிப்பதற்கு எல்லா மரியாதையும் உண்டு. பொறுக்குகிறவளிடம் மட்டும் அடிக்காம்பில் கறை இருக்கிறதா என்று பார்க்கிறோம். பொறுத்தவள் பொறுத்துக்கொண்டிருக்கும்போதே, பொறுக்காதவன் துரட்டி போட்டு உலுக்கி எடுத்துப் போய்விடுகிறான். இந்த நிலையில் ‘காத்திரு’ என்று சொல்வது தர்மமா, ஏமாற்றா?

உரிமை இல்லாத இடத்தில் பொறுமையைக் கேட்பது ஏமாற்றுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கும் இந்த மரத்தடி எனக்குத் திறந்திருக்கும் என்ற நிச்சயம் உள்ளவன்தான் இன்றைக்குக் கொஞ்சம் விட்டுவைக்க முடியும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்தது. எங்களுக்குக் கிழக்கே சிங்காரப்பேட்டைக்கு மேல் ஜவ்வாது மலைக்காரர்கள் தேனும் கடுக்காயும் எடுப்பதை அது திருட்டிலிருந்து மீட்டது, காகிதத்திலாவது. சாலையோரத்து வேப்பங்கொட்டைக்காரிக்கு எந்தக் காகிதமும் இல்லை. அவர் பொறுப்பது எவர் கட்டளையாலும் அல்ல. அதனால்தான் அதை நான் தர்மம் என்கிறேன். அதனாலேயே அதை அவரிடம் கேட்க எனக்கு யோக்யதை இல்லை என்றும் நினைக்கிறேன்.

தவலைக்குத் திரும்புகிறேன். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. அந்த அம்மாளுக்குப் படிக்க வராது, நான் படித்தேன். அது உடைமைக்காரரின் பெயர் அல்ல, கல்யாணத்தில் சீராக வைத்தவரின் பெயர். யாரோ யாருக்கோ கொடுத்தது. எந்தத் தங்கைக்கு, எந்த மகளுக்கு என்று இல்லை. நான் பெயரை வாசித்ததும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தை கழியும்வரை அது தெருப்பக்கத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பிறகு காணோம். விற்றிருப்பார் என்று நினைத்தேன். விற்றிருந்தால் தப்பென்றும் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த ஆடியில் அவர் வீட்டு வாசல் வழியாகப் போனபோது, தவலை நிறைய வேப்பம்பழத்தை ஊறவைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். விற்கவில்லையா என்று கேட்டேன்.

‘வித்துட்டா, தேடி வர்றவங்களுக்கு எதைக் காட்டறது?’ என்றார்.

என்னுடைய இத்தனை பக்க விவகாரத்தையும் அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்று சொன்னால் அது சம்பிரதாயமான அடக்கம். முடிக்கவில்லை. நான் பார்க்காத ஒரு பிரிவினையைச் செய்திருக்கிறார். எடுப்பது ஒன்று, புழங்குவது ஒன்று, விற்பது ஒன்று. நான் எடுப்பதிலேயே நின்றுவிட்டேன். புழங்குகிறவரை பொறுத்தல் தொடர்கிறது. தேடி வருகிறவருக்கு இடம் இருக்கிறது. விற்ற கணத்தில் அது முடிந்துவிடுகிறது. வேப்பங்கொட்டையைத் தேடி எவரும் வரப்போவதில்லை, அதனால் விற்கலாம். தவலைக்கு ஒருத்தி எங்கோ கண்ணீர் விட்டிருக்கக்கூடும், அதனால் விற்கக்கூடாது. ஆனால் சும்மா வைத்துப் பூஜை செய்யவும் வேண்டாம். 1872-ஆம் வருஷத்துச் சட்டம் வைத்திருக்கும் பொறுப்பைச் சொல்கிறது. அவர் தேடுகிறவளையும் சேர்த்து நினைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையில் விலை உள்ள பொருள் இருக்குமானால் அது அவர் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள்தான். அவற்றை நான் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நம்மில் எழுதுகிற எவருக்கும் இது புதிதல்ல. பஸ்ஸில், டீக்கடையில், சாவு வீட்டில் உதிர்ந்ததையெல்லாம் அள்ளித்தான் நாம் கவிதை என்றும் கதை என்றும் பேர் போடுகிறோம், நம் கையெழுத்தோடு. அவை தானாக உதிர்ந்தவையா, நாம் தூண்டிப் பிடுங்கியவையா என்று அடிக்காம்பைப் பார்ப்பது கிடையாது. இந்த முறை போய்க் கேட்டேன். நீங்கள் சொன்னதை ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறேன், பரவாயில்லையா என்று. பேர் போடாதே என்றார். சரி என்றேன். எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார். ஒன்றும் தரமாட்டார்கள், சந்தாவாக நாம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் பழத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

‘அப்ப எதுக்கு சார் பொறுக்கறீங்க?’

ஏளனமாகக் கேட்கவில்லை, தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற தோரணையில்தான் கேட்டார். அந்தத் தோரணைக்கு ஏற்ற பதில் என்னிடம் இல்லை. நண்பர்களில் எவரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.